பாதியாக இளைத்த கேமரா

1960களில் எஸ்எல்ஆர் கேமராவோடு ஊர் சுற்றியவர்களுக்குக் கழுத்துவலி தொழில் நோய் மாதிரி. பத்திரிகைக்காரர்கள் விரும்பிய நிக்கான் எஃப், லென்ஸும் வெளிச்சம் அளக்கும் மீட்டரும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். நல்ல படம் வேண்டுமா, சுமந்துதான் ஆக வேண்டும் என்று பழகிவிட்டார்கள். ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனத்தில் இருந்த யோஷிஹிசா மைத்தானிக்கு இது ஒப்பவில்லை. 36 படம் எடுக்கும் ஃபிலிம் ரோலில் 72 படம் எடுக்க வைத்த ஒலிம்பஸ் பென் கேமராவை 1959இல் கொடுத்தவர் அவர். எஸ்எல்ஆரின் எடையைப் பாதியாக்க வேண்டும், லென்ஸோடு 700 கிராமுக்குள் அடக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். நீளம், உயரம், தடிமன் மூன்றிலும் 20 சதவீதம் குறைத்தால் மொத்தப் பருமன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கணக்கு எளிதுதான். எதைக் குறைப்பது என்பதில்தான் சிக்கல்.

ஏனென்றால் எஸ்எல்ஆரின் வயிற்றில் ஒதுக்கித் தள்ள எதுவுமில்லை. லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை 45 டிகிரி சாய்ந்த கண்ணாடி மேலே திருப்புகிறது. அது ஒரு திரையில் பிம்பமாக விழ, பட்டகம் அதை நேராக்கிக் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்; வியூஃபைண்டர் ஒரு கணம் இருண்டுபோகும். ஃபிலிமுக்கு முன்னால் ஷட்டராக இரண்டு துணித் திரைகள். முதல் திரை பக்கவாட்டில் ஓடி ஃபிலிமைத் திறக்க, இரண்டாவது பின்னாலேயே ஓடி மூடும். 1/60 நொடி வரைதான் முழு ஃபிலிமும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். அதைவிட வேகமாக வைத்தால், முதல் திரை மறுமுனையைத் தொடுவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். 1/1000 நொடியில் இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். அந்த இடுக்கு ஃபிலிமின் குறுக்கே நகர்ந்துபோகிறது. ஃப்ளாஷ் போட்டு எடுக்கும்போது 1/60ஐத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்பாக வருவது இதனால்தான்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு மைத்தானி செய்தது இடமாற்றம். மற்ற கேமராக்களில் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஷட்டர் வேகத்துக்கான திருகை எடுத்து, லென்ஸ் பொருந்தும் இடத்தைச் சுற்றி வளையமாகப் போட்டார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பல்சக்கரங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் போயின. காலியான தலைப்பக்கத்தில் ஃபிலிம் வேகத்தைக் குறிக்கும் திருகு வந்தது. ரோலுக்கு ஒருமுறை தொட்டால் போதும் என்பதால், நல்ல இடத்தை அதற்குக் கொடுத்தது வீண் என்று எனக்குப் படும். ஆனால் ஷட்டர் வளையம் பழகிவிட்டால் அருமை. ஃபோகஸ், அப்பர்ச்சர், ஷட்டர் மூன்றையும் இடது கையே பார்த்துக்கொள்ளும். கண்ணை எடுக்க வேண்டியதில்லை.

1972இல் எம்-1 என்ற பெயரில் கேமரா வந்தது. ‘எம்’ வரிசையை முன்பே வைத்திருந்த ஜெர்மனியின் லைக்கா ஆட்சேபிக்க, மறு ஆண்டு ஓஎம்-1 ஆனது. உடலின் எடை 510 கிராம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினாலும் 700க்குள்தான். உடல் சிறுத்தும் வியூஃபைண்டர் சிறுக்கவில்லை என்பது இதைவிடப் பெரிய சாதனை. ஃபிலிமில் விழப்போகும் காட்சியில் 97 சதவீதம் அதில் தெரியும்; பிம்பமும் வெறுங்கண்ணால் பார்ப்பதற்குச் சற்றே சிறிதாக, 0.92 மடங்கில் இருக்கும். எழும்பும் கண்ணாடியின் அதிர்வைக் காற்றுத் தடுப்பான் ஒன்று உறிஞ்சிக்கொள்வதால் சத்தமும் குறைவு.

பாக்டீரியாவிலிருந்து விண்வெளி வரை எதையும் படமெடுக்க வேண்டும் என்பது மைத்தானியின் ஆசை. ஒலிம்பஸ் 1920லேயே நுண்ணோக்கி செய்த நிறுவனம் என்பதால் இது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. ஓஎம்-1இல் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்திவைக்கலாம். ஷட்டருக்கு பேட்டரியும் வேண்டாம். பனிக்குளிரில் மணிக்கணக்காக ஷட்டரைத் திறந்துவைத்து நட்சத்திரங்களைப் படமெடுத்தவர்கள், எலெக்ட்ரானிக் கேமராக்கள் வந்த பிறகும் இதை விடாமல் வைத்திருந்ததற்கு இவை இரண்டும் காரணம்.

இன்று பழைய ஓஎம்-1 வாங்குபவர்கள் முதலில் வியூஃபைண்டரைப் பார்க்க வேண்டும். பட்டகத்தைச் சுற்றி வைத்த பஞ்சு காலப்போக்கில் பிசுபிசுவென்று உருகி, வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். உள்ளே கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் அதுதான். பிறகு வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். திரை பாதியில் திக்கினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று பொருள். மெக்கானிக் செலவு உண்டு. மீட்டருக்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் பட்டன் செல் போட்டால் மீட்டர் இல்லாத வெளிச்சத்தைக் காட்டி, படத்தை இருட்டடித்துவிடும். காது கேட்கும் கருவிக்கான 675 செல் சற்றுச் சிறியது. ஒரு ரப்பர் வளையத்தோடு போட்டால் ஏறக்குறைய சரியாக வரும்.

மீட்டரே செத்துக்கிடந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கேமராவை விட்டுவிடாதீர்கள். நல்ல வெயிலில் 100 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டு, அப்பர்ச்சர் 16, ஷட்டர் 1/125 என்று வைத்தால் மீட்டர் இல்லாமலே படம் விழும்.