பட்டறையும் பாடமும்

1876ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்துப் பெரும் பொருட்காட்சிக்குச் சென்றிருந்த மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ஜான் ரங்க்கிள், அங்கே நிறைந்திருந்த ராட்சத யந்திரங்களையெல்லாம் விட்டு, மாஸ்கோவின் ராஜாங்கத் தொழிற்கல்லூரி அனுப்பியிருந்த சாதாரண மர, இரும்புத் துண்டுகளிடத்தே மனத்தைப் பறிகொடுத்தார். விக்டர் டெல்லா வோஸ் என்பவர் அராவுதல், கடைதல், பொருத்துதல் முதலிய தொழில்களைத் தனித்தனியே பகுத்து, எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் கிரமத்தில் மாணாக்கருக்கு அமைத்துக் கொடுத்த அப்பியாசங்கள் அவை. புத்தகமேந்திய அறிஞனோடு பட்டறைத் தொழிலாளியையும் தன் முத்திரையில் பொறித்திருந்த ரங்க்கிளின் கழகத்திலும் அத்தகைய பட்டறைகள் விரைவில் தோன்றின.

நம் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவன் வைஸ் என்னும் பிடிகருவியில் இரும்புத் தகட்டை இறுக்கி, இரு துண்டுகளை அராவிப் பொருத்தி, வெளிச்சத்துக்கெதிரே பிடித்து இடுக்கில் ஒளி கசிகிறதா என்று பார்ப்பதும் இந்த மரபைச் சேர்ந்ததே. 25 மில்லிமீட்டர் துவாரத்தில் 25 மில்லிமீட்டர் தண்டு தாராளமாகச் சுழலும் என்று வரைபடத்தை நம்பியிருந்தவனுக்கு, அளவென்பது ஒரு புள்ளியன்று, இவ்வளவு கூடலாம் இவ்வளவு குறையலாம் என்னும் எல்லையே என்ற உண்மை அங்கேதான் பிரத்தியட்சமாகிறது. ஆயினும், மதிப்பெண் பெற்ற மறுகணமே பழைய இரும்புக் குவியலில் விழப்போகும் அத்துண்டு எதற்காக அப்படியிருக்க வேண்டுமென்று அவனை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவனிடம் விடையிராது.

இரண்டாம் உலக மகாயுத்தத்துக்குப்பின் அமெரிக்கக் கல்லூரிகள் பட்டறையைக் குறுக்கிக் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் இடம் பெருக்கின. அது அவசியமாகவே இருந்தது. ஆனால் 1970களில் அதே மாஸசூஸெட்ஸ் கழகத்தில் ஆசிரியர் வூடி ஃபிளவர்ஸ் வேறொரு வழியை வளர்த்தார்: ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரே மாதிரியான பலவகைச் சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டி, எல்லோருக்கும் ஒரே வேலை, அதைச் செய்து முடிக்கும் யந்திரத்தை அவனவனே கற்பனை செய்து, கட்டி, முடிவில் சக மாணவரின் யந்திரத்தோடு போட்டிக்கு விடவேண்டும். இங்கே அராவுகின்ற ஒவ்வொரு துண்டுக்கும் காரணமுண்டு; சக்கரம் வழுக்கி யந்திரம் நின்ற இடத்தில் நின்றால், உராய்வைப் பற்றிய அத்தியாயத்தைத் தேடி மாணவன் தானே போகிறான். 1989இல் டீன் கேமன் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பின் பள்ளி மாணவர் ரோபோப் போட்டிகளுக்கு உருக்கொடுப்பதில் ஃபிளவர்ஸுக்கும் பங்கிருந்ததில் ஆச்சரியமில்லை.

நம் கல்லூரிகளில் ஃபிளவர்ஸின் இந்த வழி பரவாததற்குப் பணக்குறை மட்டுமே காரணமென்று நான் நினைக்கவில்லை. அராவிய துண்டைப் பரீட்சகர் வெர்னியர் அளவுகோலால் அளந்து இரண்டு நிமிஷத்தில் மதிப்பிட்டுவிடலாம். அரங்கில் ஓடாமல் நின்றுபோன யந்திரத்தைக் கட்டியவன் எவ்வளவு கற்றான் என்றறிய, அவனோடு அரைமணி நேரமாவது உட்கார்ந்து பேசவேண்டும்.