துணிக்கூரைக் காரின் தூம்புகள்

நீர் வெளியேறுவதற்கென அமைத்த குழல்வழியைத் தமிழ் தூம்பு என்று வழங்கும். ஏரிக்கரைக்குத் தூம்பு எத்துணை இன்றியமையாததோ, மடக்குத் துணிக்கூரை கொண்ட காருக்கு அதன் வடிகுழாயும் அத்துணை இன்றியமையாதது. இத்தகைய கார்களில், துணி உடற்கூட்டைச் சந்திக்கும் பின்விளிம்பில் மழைநீரை அறவே தடுத்துவிட முடியாது என்பதால், உள்ளே வரும் நீரை ஏந்தி, இருக்கைப் பகுதியை நனைக்காமல் அடியில் கொண்டுபோய் விடும் வழியை வடிவமைப்பாளர்களே வகுத்து வைக்கின்றனர்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்பனையான இந்த இருவர் காரின் முதல் தலைமுறை 1997 வரை உற்பத்தியானது. ஆகவே அவற்றில் இன்று ஓடும் எந்த வண்டியும் கால் நூற்றாண்டைக் கடந்ததே. கூரையில் விழும் நீர் பின்கண்ணாடியின் மீது வழிந்து, துணியின் அடிவிளிம்பை ஒட்டிய நெகிழி வாய்க்காலில் சேர்கிறது. ஓட்டு வீட்டின் கூடல்வாய்த் தகரம் செய்யும் அதே வேலையை இவ்வாய்க்கால் செய்து, நீரைக் கதவுகளுக்குப் பின்னுள்ள இரு மூலைகளுக்கும் பிரித்து அனுப்ப, அங்குள்ள துளைகளில் தொடங்கும் குழாய்கள் அதைப் பின்சக்கரத்திற்குச் சற்று முன்னால் தரையில் விடுகின்றன. இதில் பம்பு எதுவும் இல்லை. புவியீர்ப்பு ஒன்றே நீரை இறக்குகிறது.

குழாய் கெடும் விதம் அதன் பொருளைப் பொறுத்தது. இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் அறுப்பதால், வளைந்து இழுபட்ட இடங்களில் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. பிவிசி குழாயோ தன்னை மென்மையாக வைத்திருக்கும் இளக்கிப் பொருளை ஆண்டுக்கணக்கில் இழந்து விறைத்து, தொட்டால் ஒடியும் நிலையை அடைகிறது. இவற்றோடு சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், நீர் மேலே ததும்பி இருக்கைகளுக்குப் பின்னுள்ள கம்பளத்தையும், 'சில்' எனப்படும், கதவுக்குக் கீழே நெடுக ஓடும் பெட்டி வடிவ உறுப்பின் உட்புறத்தையும் சென்றடையும்.

கேடு உண்மையில் தொடங்குவது இங்கேதான். மூடிய காரில் கூரையும் தூண்களும் ஏற்கும் வளைவு, முறுக்கு விசைகளைத் திறந்த காரில் தளமும் இந்தச் சில்களுமே பெருமளவு தாங்க வேண்டியுள்ளது. அந்தப் பெட்டிக்குள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்த தகடுகளின் இடுக்கில் தேங்கும் ஈரம் எளிதில் உலராது. துரு உள்ளிருந்து வெளியே வளர்வதால், பின்சக்கரத்தின் முன்னே வண்ணப்பூச்சு கொப்பளிப்பது கண்ணில் படும்போது தகட்டின் பெரும்பகுதி அரிக்கப்பட்டிருப்பது வழக்கம். மலிவான ஒரு குழாயின் அடைப்புக்குத் தகட்டை வெட்டிப் புதிது பற்றவைப்பது விலையாகிறது.

அடைப்பு மட்டுமே எனில், முனை மழுங்கிய தடித்த நைலான் நரம்பை மெல்லச் செலுத்தி நீக்கலாம். இரும்புக் கம்பி முதிர்ந்த குழாயைக் குத்திக் கிழிக்கும். அழுத்தக் காற்று இணைப்பையே கழற்றிவிடக்கூடும், அவ்வாறு கழன்றது வெளியே தெரியாது என்பது இதிலுள்ள பெருந்தீங்கு. குழாயே நைந்திருந்தால் மாற்றுவதே முறை. பழைய குழாயின் மேல்முனையில் உறுதியான நூலைக் கட்டிக் கீழ்வழியே உருவினால், குழாய் வெளிவரும்போது நூல் அதன் பாதையில் தங்கிவிடும். புதிய குழாயை அந்நூலிலேயே கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம். குழாய் ஒடிந்து துண்டாக வரும் நிலையில் இந்த உத்தி பயன்படாது. பூரிதமான முதன்மைச் சங்கிலி கொண்டிருப்பதால் ஓசோனைத் தாங்கும் இபிடிஎம் ரப்பர் புதிய குழாய்க்கு ஏற்றது. அதன் முனையை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகி இணைப்பில் எளிதாகப் பொருந்தும். வழியில் எங்கும் தொய்வு இருக்கலாகாது, ஏனெனில் தொய்ந்த இடம் நீரும் வண்டலும் தங்கும் குட்டையாகிவிடும்.

பழைய துணிக்கூரைக் கார் ஒன்றை வாங்க எண்ணுபவர், எஞ்சினை முடுக்கிப் பார்ப்பதற்கு முன் ஒரு குவளை நீரை வாய்க்காலின் இருமூலைத் துளைகளிலும் மெதுவாக ஊற்றி, அது முழுவதும் பின்சக்கரத்தின் முன்னே தரையில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வது நன்று.