புதிய மின்காரும் உடனடி மறுவிற்பனையும்

கிளிநொச்சிப் பட்டினத்தை ஊடறுத்துச் செல்லும் கண்டி வீதியிலே, ஓசையுமின்றிப் புகையுமின்றி விரையும் மின்கார்கள் இப்பொழுது எவரையும் திரும்பிப் பார்க்கச் செய்வதில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்குரிய கார்களைப் பொறுத்தவரையில், 2025 பெப்புருவரி 1ஆந் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அணைகட்டி வைத்திருந்த விருப்பம் ஒரேயடியாகப் பாய்ந்தபொழுது, முற்பணங் கட்டிக் காத்திருப்போர் வரிசை நீண்டது. வரிசையில் முன்னே நின்றவருக்குக் கிடைத்த கார், பின்னே நின்றவரின் கண்ணுக்குச் சில இலட்சம் ரூபா கூடுதலான பெறுமதியுடையதாகத் தோன்றியது. "வாங்கிய கையோடு விற்றுவிட்டால் என்ன?" என்னும் எண்ணம் பிறந்த இடம் இதுவேயாகும்.

அவ்வெண்ணத்திற் குற்றமேதுமில்லை. தன் பொருளை விற்கும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆயினும், வாங்கிய மாதத்திலேயே விற்பவரை வரிச்சட்டம் ஒரு கண்ணாலும், பத்தாண்டு ஓட்டிவிட்டு விற்பவரை மறுகண்ணாலும் பார்க்கின்றது என்பதைப் பலர் அறியார்.

வரியின் கதையைத் துறைமுகத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். பெற்றோற் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவு எவ்வாறோ, அவ்வாறே மின்காருக்கு மோட்டாரின் வலு அளவுகோலாகும். இத்தனை கிலோவாற்று என்று கணக்கிட்டு உற்பத்தி வரி விதிக்கப்படுகின்றது. வலு கூடக் கூட, ஒரு கிலோவாற்றுக்குரிய வீதமும் ஏறும். காரின் இறக்குமதிப் பெறுமதி 60 இலட்சம் ரூபாவைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குச் சொகுசு வரியும் உண்டு. இவற்றின்மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி வந்து சேரும். இவையெல்லாம் இறக்குமதியின்போது ஒருமுறை செலுத்தப்படுவன. தம் சொந்தக் காரை விற்கும் சாதாரண மனிதர் அவற்றை மீண்டுஞ் செலுத்த வேண்டியதில்லை.

எனினும், துறைமுகக் கணக்கு அங்கேயே முற்றாக முடிந்துவிடுவதுமில்லை. 2025ஆம் ஆண்டிலே, மின்கார்கள் பலவற்றின் மோட்டார் வலு சரியாகக் கூறப்பட்டதா என்னும் ஐயத்தினால் சுங்கத் திணைக்களம் அவற்றைத் தடுத்து வைத்தமையும், விடயம் நீதிமன்றம் வரை சென்றமையும் நாடறிந்த செய்திகள். 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கரம் நீளமானது. வரி குறைத்துக் கட்டப்பட்டது என்று பின்னர் தெளிவானால், இறக்குமதி செய்தவரோடு நில்லாது பொருளையே நாடிச் செல்லவும் அது வல்லது. ஆதலால், தாமே இறக்குமதி செய்த காரை விற்பவர் சுங்கப் பத்திரங்களைக் கொள்பவரிடம் மறையாது காட்டுதலும், கொள்பவர் அவற்றைக் கேட்டு வாங்குதலும் இருவர்க்கும் காப்பாகும். தனி மனிதர் ஒருவர் பன்னிரண்டு மாதத்தில் ஒரு வாகனத்தையே இறக்குமதி செய்யலாம் என்பதும், இறக்குமதியான வாகனத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும் என்பதும் 2025இல் இறக்குமதி திறக்கப்பட்டபோது வர்த்தமானியில் விதிக்கப்பட்ட நிபந்தனைகள். நல்ல விலை வருமென்று பதிவின்றிக் கொட்டிலில் மூடி வைத்திருத்தல் அவ்விதியோடு பொருந்தாது.

இனி இலாபத்தின் மீதான வரி. இங்கே பலர் மூலதன ஆதாய வரியை நினைத்து அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டாததாகும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் மூலதனச் சொத்து என்று குறிப்பது காணி, கட்டடம், கம்பனிப் பங்கு, நிதிசார் சொத்து முதலியவற்றையே. வீட்டுப் பாவனைக்கான கார் அந்த வரிசையில் இல்லை. குடும்பத்தின் தேவைக்கென்று வாங்கி, ஓடி, பின் ஒரு நோயின் பொருட்டோ இடமாற்றத்தின் பொருட்டோ விற்ற காரிற் சிறிது ஆதாயம் கிட்டினால், அதற்கு அவ்வரியில்லை. நட்டம் வந்தாலும் அதனைச் சம்பளத்திற் கழிக்க முடியாது என்பதையும் உடன் கூறுதல் நேர்மையாகும்.

ஆனால் அதே சட்டம் "வியாபாரம்" என்னும் சொல்லுக்குத் தரும் பொருள் மிக விரிந்தது. வியாபாரத் தன்மையுடைய தனியொரு ஏற்பாடும், அது எத்துணைக் குறுகிய காலத்ததாயினும், வியாபாரமே. கடை வேண்டியதில்லை, பெயர்ப்பலகை வேண்டியதில்லை, இரண்டாவது கார்கூட வேண்டியதில்லை. விற்கும் நோக்கத்தோடே வாங்கினாரா என்பதுதான் வினா. நோக்கம் மனத்துள் இருப்பது. அதனை அதிகாரி எங்ஙனம் அறிவார்? செயலைக் கொண்டே அறிவார். எத்தனை நாள் வைத்திருந்தார், எத்தனை மைல் ஓடினார், கார் கைக்கு வருமுன்னரே விளம்பரஞ் செய்தாரா, குறுங்காலக் கடன் பெற்று வாங்கினாரா, இதற்கு முன்னரும் இவ்வாறு செய்தாரா என்று பார்ப்பர்.

இது புதிய சிந்தனையன்று. திரைப்படத் தொழில் சம்பந்தமாகப் பெர்லின் நகருக்குச் சென்ற றட்லெச் என்பவர், அங்கே மலிவாகக் கிடைத்த பத்து இலட்சம் மலசலகூடக் காகிதச் சுருள்களை வாங்கி, ஒரே பேரத்தில் விற்றுப் பெரும் இலாபம் அடைந்தார். தாம் காகித வியாபாரியல்லர் என்று அவர் வாதிட்டார். அத்துணைக் காகிதத்தை எவரும் சொந்தப் பாவனைக்கு வாங்கியிருத்தல் இயலாது. ஆகவே அஃது வணிக முயற்சியே என்று 1929இல் ஸ்கொத்துலாந்து நீதிமன்றம் தீர்த்தது. பண்டம் நகைப்புக்குரியதாயினும், தீர்ப்பு இன்றும் வரிச்சட்டம் பயில்வோர் தவறாது படிப்பதாகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கிளிநொச்சியில் ஒருவர் 120 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய மின்காரை, மூன்று வாரத்தில் 128 இலட்சத்துக்கு விற்கின்றார் என்க. தரகு முதலிய செலவு ஓர் இலட்சம். மிகுதி ஏழு இலட்சம் வியாபார வருமானமாகும். 2025 ஏப்பிரில் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம் உண்டு. அவருக்கு வேறு வருமானம் 15 இலட்சமாயின், மொத்தம் 22 இலட்சம். வரிக்குட்படுவது நான்கு இலட்சம். முதற்படியின் 6 சதவீதப்படி வரி 24,000 ரூபா மாத்திரமே. ஆனால் ஏற்கனவே உச்சப் படியான 36 சதவீதத்தில் நிற்கும் வைத்தியரோ வணிகரோ இதே பேரத்தைச் செய்தால், வரி 252,000 ரூபாவாகின்றது. ஏழு இலட்சம் என்று ஊரெல்லாம் பேசப்பட்ட இலாபம் ஐந்து இலட்சத்துக்கும் குறைந்துவிடுகின்றது. மார்ச்சு 31இல் முடியும் வரியாண்டுக்குரிய விபரத்திரட்டை அடுத்துவரும் நவம்பர் 30க்குள் ஒப்படைத்தல் வேண்டும். 2025 ஏப்பிரில் 15 முதல் கார் பதிவுக்கும் உரிமை மாற்றத்துக்கும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் கட்டாயமாக்கப்பட்டமையால், "யாருக்குத் தெரியப்போகிறது" என்னும் பழைய ஆறுதலுக்கு இடமில்லை.

வன்னியிலே, வெளிநாட்டில் உழைப்போர் இல்லாத வீடுகள் சிலவே. அவர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணத்தை அடிப்படையாகக் கொண்டு மின்வாகனம் இறக்குமதி செய்ய 2022இல் ஓர் அனுமதித் திட்டம் வகுக்கப்பட்டது. அவ்வனுமதிகள் பிறர் கைக்குச் சென்றன என்னும் குற்றச்சாட்டு எழுந்து, நாடாளுமன்றக் குழு வரை விடயம் சென்றது. சகோதரன் பெயரில் வந்த அனுமதியில் இறங்கிய காரைத் தங்கை விற்க முற்படுமுன், அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனைகளை வரிக்கு வரி வாசித்தல் வேண்டும். அனுமதி வேறு, உடைமை வேறு.

லீசிங் முறையில் வாங்கிய காரின் நிலை இன்னும் தெளிவானது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று நிதிக் கம்பனியின் பெயரே இருக்கும். அக்கம்பனியின் எழுத்து மூலமான சம்மதமின்றிச் செய்யும் விற்பனை பெயரளவான விற்பனையே. மாதத் தவணையைக் கொள்பவர் கட்டுவார் என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காரைக் கொடுத்துவிட்டால், தவணை தவறும்போது வழக்கு வருவது கொடுத்தவர் பெயருக்கே. தவணை முற்கூட்டித் தீர்ப்பதற்குரிய கட்டணத்தையும் இலாபக் கணக்கில் முதலிலேயே கழித்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக, எங்கும் மலிந்து கிடப்பதொரு பழக்கம் "ஓபன் பேப்பர்" ஆகும். "ஐயா, கையெழுத்தை மட்டும் போட்டுத் தாருங்கோ, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்" என்பார் தரகர். கொள்பவரின் பெயரும் திகதியும் எழுதப்படாத படிவங்களில் விற்பவர் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். கார் தரகரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து வேறொருவருக்கு என்று கைமாறும். திணைக்களத்தின் ஏட்டிலோ முதல்வரே உரிமையாளராக நிற்பார். அந்தக் கார் தொலைவில் ஒருவரை மோதிவிட்டு ஓடினாலும், சட்டவிரோதப் பொருளோடு பிடிபட்டாலும், பொலிசார் தேடி வருவது கிளிநொச்சியில் உள்ள வீட்டு வாசலுக்கே. விற்ற பணம் எப்பொழுதோ செலவாகியிருக்கும். நீதிமன்றத் தவணைகளுக்கோ அவரே போய்வர வேண்டும்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு வழி வகுத்தே இருக்கின்றது. விற்பவர், கைமாறிய 14 நாட்களுக்குள் எம்.ரீ.ஏ. 8 என்னும் படிவத்தினால் ஆணையாளர் நாயகத்துக்கு அறிவித்தல் வேண்டும், கொள்பவர் எம்.ரீ.ஏ. 6 படிவத்தினால் தம்மைப் புதிய உரிமையாளராகப் பதிவு செய்விக்க வேண்டும். வாகன இலக்கத் தகட்டில் மாகாண எழுத்துக்கள் 2023 முதல் நீக்கப்பட்டுவிட்டமையால், வடக்கிலிருந்து தெற்கிற்கு விற்பதற்கும் தகடு மாற்றும் தொல்லையில்லை. மின்காருக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டா. வேலை மிகச் சிறியது, சோம்பலே பெரியது.

காப்புறுதி காரோடு தானாகவே கைமாறும் என்று எண்ணுவதும் தவறாகும். அது கம்பனிக்கும் பழைய உரிமையாளருக்கும் இடையிலான உடன்படிக்கை. அவ்வாறே, மின்காரின் விலையிற் பெரும்பங்கை விழுங்கும் பற்றரிக்குக் கம்பனி கொடுத்த உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை உத்தரவாதக் கையேட்டிற் பார்த்து, விற்பனைப் பத்திரத்தில் எழுதிவிடுதல் பின்னர் எழும் பிணக்கைத் தவிர்க்கும்.

ஏற்கனவே வெறும் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டவர்களும் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. விற்ற திகதி, வாங்கியவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் ஆகியவற்றை எழுதி, காலந் தாழ்ந்தாயினும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் பற்றுச்சீட்டைப் பிரதியோடு பத்திரப்படுத்தி வைக்கலாம். பணம் வங்கியூடாகப் பெறப்பட்டிருப்பின், அக்கணக்குக் கூற்றின் பிரதியும் அதனோடு இருத்தல் நன்று.