மணலும் மணியும்



எங்கள் திருநின்றவூர்க் கோயில் வீதிக் கடைகளிலே பாசிமணி மாலைகள் தொங்குவதை யாவரும் காணலாம். விலையோ அற்பம். ஆயினும், மனிதன் மணலைச் சுட்டு மணியாக்கக் கற்று ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

பண்டை எகிப்தியர் நீலக்கற்களைப் பெரிதும் விரும்பினர். அவையோ கிடைத்தற்கு அரியவை. ஆகவே அவர்கள் வேறொரு வழி கண்டனர். படிகக்கல் பொடியுடன் சிறிது சுண்ணாம்பும், உவர்நில உப்பும், செம்பின் தூளும் கூட்டி நீர்விட்டுப் பிசைந்தனர். அதனை மெல்லிய தண்டின்மேல் பொதிந்து உலர்த்தினர். உலரும்போது உப்பு நீரோடு கசிந்து மேற்புறத்தில் படியும். சூளையிலிட்டால் அப்படிவு உருகிப் பளபளப்பான பூச்சாகும்; செம்பு நீலநிறம் நல்கும்; தண்டு எரிந்து துளை எஞ்சும். இதனை ‘ஃபயான்ஸ்’ என்பர். சிந்துவெளி மக்களும் இக்கலையை அறிந்திருந்தனர்.

இது கண்ணாடியன்று, ஏனெனில் உள்ளிருக்கும் பொடி முற்றும் உருகுவதில்லை. முற்றும் உருகியதே கண்ணாடி. அக்கண்ணாடியில் மணி செய்வதில் புகழ்பெற்றது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. உருகிய கண்ணாடியை உட்டுளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்குவர். இம்முறையில் அமைந்த சிறுமணிகள் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் கிடைத்துள்ளன. ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறை நம் காலம்வரை நீடித்தது.

அரிக்கமேட்டின் காலத்தை எங்ஙனம் அறிந்தனர்? 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு மட்கல ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் முன்னரே தெரிந்தது. ஆகவே அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம்நாட்டுப் பொருள்களின் காலமும் விளங்கலாயிற்று.

இங்கேதான் நீங்கள் ஓர் உண்மையை உணர வேண்டும். மணி தனியே பேசாது. அது கிடந்த மண்ணும், அருகிருந்த ஓடுமே அதற்கு நாவாகின்றன. பழைய மேடுகளில் மழைக்குப்பின் தென்படும் மணிகளை அழகுக்காகப் பொறுக்குவோரும், விலைக்கு விற்போரும் உளர். எடுத்த மணி கையில் இருக்கும். அதன் வரலாறோ அழிந்துவிடும். அழிந்ததை எந்த அறிஞராலும் மீட்க இயலாது.

ஆதலின், பழம்பொருள் எதனையேனும் கண்டால் அகழ்ந்தெடுக்க முற்படாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ, தொல்லியல் துறையினரிடமோ தெரிவியுங்கள். பெயரறியாக் கைவினைஞனுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.