உதைபந்தாட்ட வீரரின் தசைக்காயம்: மரபணுவும் களநிலையும்

மீரியபெத்த போன்ற ஊவா மலைத்தோட்டங்களில் கொழுந்துச் சுமையோடு செங்குத்தான இறக்கத்தில் இறங்குபவரின் முன்தொடைத் தசை, உடலைத் தாங்குவதற்காக இழுவிசை செலுத்திக்கொண்டே நீளவும் வேண்டியிருப்பதால்தான் ஏற்றத்தைவிட இறக்கமே மறுநாள் அதிகமாக வலிக்கிறது. முழு வேகத்தில் ஓடும் உதைபந்தாட்ட வீரரின் முன்வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், அவரது பின்னந்தொடைத் தசைகளும் இவ்வாறே, ஆனால் பன்மடங்கு விசையில், நீட்டப்படுகின்றன. அவற்றுள் வெளிப்புறமாக அமைந்த இருதலைத் தசையின் நீண்ட தலையே பெரும்பாலும் கிழிகிறது.

ஐரோப்பியத் தொழின்முறைக் கழகங்களை ஆராய்ந்து யான் எக்ஸ்ட்ராண்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 25 பேர் கொண்ட அணியொன்று ஒரு பருவத்தில் சுமார் 15 தசைக்காயங்களை எதிர்பார்க்கலாம். அவற்றுள் 37 விழுக்காடு பின்னந்தொடைக்குரியவை. முன்தொடைக் காயங்களோ பந்தை உதைக்கும் காலிலேயே மிகுதி. விரைவோட்டம் அரிதான கோல்காப்பாளருக்கு ஆபத்துக் குறைவு. ஓரங்களில் மீண்டும் மீண்டும் பாய்ந்தோடுபவருக்கு அது கூடுதல். ஆகவே களநிலை என்பது, உண்மையில், ஓட்டச்சுமைக்கு இடப்பட்ட மற்றொரு பெயரே.

மரபணுவின் பங்கு இதைவிட நுட்பமானது. விரைவாகச் சுருங்கும் தசை இழைகளில் இழைப்புரதங்களை இணைத்து நிறுத்தும் ஆல்பா-ஆக்டினின்-3 என்னும் புரதத்தை ஏசிடிஎன்3 மரபணு உருவாக்குகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இம்மரபணுவின் செயலற்ற வடிவத்தையே பெற்றவர்களிடம், அதாவது உலக மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம், அப்புரதம் அறவே இல்லை. இது நோயன்று, நாள்தோறும் உழைப்பதற்கும் தடையன்று. எனினும் இத்தாலியத் தொழின்முறை வீரர்களிடையே செய்யப்பட்ட ஆய்வொன்றில் இத்தகையோருக்குத் தசைக்காய வாய்ப்புக் கூடுதலாகக் காணப்பட்டது. காயம் என்பது வயது, களைப்பு, முன்னர் ஏற்பட்ட கிழிசல், பல மரபணுக்கள் ஆகியவற்றின் கூட்டு விளைவாதலால், ஒரே மரபணுவைச் சோதித்து இளைஞரை அணியிலிருந்து விலக்குவது அறிவியலாகாது.

மாற்றக்கூடியது பயிற்சிதான். துணைவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முழந்தாளிட்டவர் இடுப்பை மடக்காமல் உடலை மெல்ல மெல்ல முன்சாய்க்கும் நோர்டிக் பயிற்சியை டென்மார்க்கில் 942 வீரர்களிடம் சோதித்தபோது, அதைச் செய்யாத பிரிவில் 52 பின்னந்தொடைக் காயங்களும் செய்த பிரிவில் 15 காயங்களும் பதிவாகின. கருவி எதுவும் வேண்டாத இப்பயிற்சியைத் தோட்டப் பாடசாலைகளின் விளையாட்டு ஆசிரியர்கள், தொடக்கத்தில் சில தடவைகளே செய்வித்துப் படிப்படியாகக் கூட்டி, இப்பருவத்திலேயே தொடங்கலாம்.