ஆடுகிறதா பெடல்? ஆப்பைப் பாருங்கள்!

டக்... டக்... டக்...

பள்ளிக்குப் போகும் வழியில் உங்கள் சைக்கிள் இப்படிப் பேசியதுண்டா, குழந்தைகளே? ஒவ்வொரு மிதிக்கும் காலுக்கடியில் ஏதோ நழுவுவது போல் இருக்கிறதா? 'எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்' என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பெடலைத் தாங்கி நிற்கும் இரும்புக் கை ஆடத் தொடங்கியிருக்கலாம். அந்தக் கைக்கு 'கிராங்க்' என்று பெயர்.

அதற்கு எவ்வளவு வேலை தெரியுமா? திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். அடி அண்ணாமலை கிராமம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. உங்கள் சைக்கிளின் பெரிய பல் சக்கரத்தில் 48 பற்கள், பின்சக்கரத்தின் ஃப்ரீவீலில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். 28 அங்குலச் சக்கரம் என்றால், ஒரு முறை பெடலைச் சுற்றும்போது சைக்கிள் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். நிறுத்தாமல் மிதித்தால், மலையை ஒரு தடவை சுற்றி வர கிராங்க் சுமார் 2,400 முறை சுற்ற வேண்டும்!

எங்கே ஆடுகிறது?

சுத்தியலைத் தேடி ஓடாதீர்கள். முதலில் காதுக்கு வேலை கொடுங்கள். ஓடும்போது மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் கோளாறு சக்கரத்தில். மிதிக்கும்போது மட்டும், சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று வந்தால் பெடலையும் கிராங்கையும் சந்தேகப்படலாம்.

இனி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். செயினிலும் பல் சக்கரத்திலும் விரல் படாமல் இந்த மூன்று சோதனைகளையும் செய்யுங்கள்.

1. கிராங்கை ஒரு கையால் அசையாமல் பிடித்து, பெடலை மட்டும் ஆட்டுங்கள். பெடல் ஆடினால் கோளாறு பெடலிலேயே! அதன் மரை தளர்ந்திருந்தால் ஸ்பேனரால் முடுக்கலாம். வலது பெடல் கடிகார முள் சுற்றும் திசையில் இறுகும். இடது பெடல் எதிர்த் திசையில் இறுகும். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

2. ஒரு கிராங்க் முன்னாலும் மற்றது பின்னாலும் நீட்டியிருக்கும்படி படுக்கையாக வையுங்கள். இரண்டு பெடலையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் கீழே அழுத்துங்கள். ஏதாவது ஒரு கிராங்க் மட்டும் லேசாக இறங்கினால், அது அச்சோடு சேரும் இடத்தில் தளர்ந்திருக்கிறது. அரைச் சுற்று சுற்றி வைத்து மறுபடியும் பாருங்கள்.

3. ஒரு கிராங்கைப் பிடித்து சட்டத்தை நோக்கித் தள்ளி, பிறகு வெளியே இழுங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்தே ஆடினால், கோளாறு உள்ளே இருக்கும் பேரிங்கில்! இது சைக்கிள் கடைக்காரர் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை.

இரும்பு ஆப்பு

இரண்டாவது சோதனையில் ஆட்டம் தெரிந்தால், காட்டர் பின்னைப் பாருங்கள். பழைய மாதிரி பெரிய சைக்கிள்களில் கிராங்கும் அச்சும் சேரும் இடத்தில் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு செருகியிருக்கும். ஒரு முனை தடிமன், மறு முனையில் நட்டு. அதுதான் காட்டர் பின்.

மண்வெட்டிக் காம்பு ஆடினால் உங்கள் தாத்தா என்ன செய்வார்? சின்ன ஆப்பு ஒன்றைச் செதுக்கி அடித்து இறுக்குவார் அல்லவா? காட்டர் பின்னும் ஓர் ஆப்புதான்! அதன் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக இருக்கும். அது அச்சில் உள்ள தட்டையான பள்ளத்தில் அழுந்தி, கிராங்கை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது.

அதன் மேல் விழும் பலத்தைப் பாருங்கள். கிராங்கின் நீளம் சுமார் 17 சென்டி மீட்டர். ஆனால் பின் இருப்பதோ அச்சின் மையத்திலிருந்து ஒரு சென்டி மீட்டருக்குள். நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? 40 கிலோ எடையுள்ள சிறுவன் இடது பெடலில் எழுந்து நின்று மிதித்தால், பின் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 20 மடங்கு பலம் விழும். பின் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியும் சுத்தியல் அடிதான். முதலில் நசுங்குவது சிறிய பின். அப்படியே ஓட்டினால் அச்சும் கிராங்கும் தேய்ந்துபோகும். செலவு பல மடங்காகும்.

செலவை விடப் பெரிது உயிர். மேட்டில் எழுந்து மிதிக்கும்போது கிராங்க் நழுவினால் நிலைதடுமாறி விழுவீர்கள். பின்னால் பேருந்து வந்தால்?

இறுக்குவது எப்படி?

இதை அப்பா, அக்கா, மாமா என்று பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

பின்னின் தடித்த முனை மேலேயும் நட்டு கீழேயும் வரும்படி கிராங்கைப் படுக்கையாகத் திருப்புங்கள். கிராங்குக்கு அடியில், தரையில் ஊன்றி, கனமான இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுங்கள். நட்டு அந்தக் குழாயின் துளைக்குள் இருக்கட்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் பேரிங் குண்டுகளில் இறங்கி அவை கெட்டுவிடும்.

பெரியவர் தடித்த முனையில் சுத்தியலால் இரண்டு, மூன்று முறை நேராக அடிக்கட்டும். அதன் பிறகு நட்டை முடுக்குங்கள். பின்னை இறுக்குவது அடிதான். அது பின்வாங்காமல் காப்பதுதான் நட்டின் வேலை. நட்டை மட்டும் பலம் கொண்டு திருகினால் மரை போய்விடும்!

மீண்டும் இரண்டாவது சோதனை. ஆட்டம் நின்றதா? இரண்டு, மூன்று நாள் ஓட்டிய பின் நட்டை இன்னொரு முறை சரிபாருங்கள். நிற்கவில்லையா? பின் நசுங்கியிருக்கும். புதியது போட வேண்டும். அளவு மாறாமல் இருக்க, பழைய பின்னையே மாதிரிக்குக் கடையில் காட்டுங்கள். இடுக்கில் தகரத் துண்டைச் செருகி ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பின் மாற்றிய பிறகு இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பக்க நட்டு மேல் நோக்கி இருந்தால், மறு பக்க நட்டு கீழ் நோக்கி இருக்க வேண்டும். மாறிப் போனால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

என் சைக்கிளில் பின்னே இல்லையே!

சில புதிய சைக்கிள்களில் அச்சின் முனை சதுரமாக இருக்கும். கிராங்கின் சதுர ஓட்டையில் அது நுழைய, நடுவில் ஒரு போல்ட் பிடித்திருக்கும். ஆடினால் உடனே போல்டை முடுக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தோடு ஓட்டினால் சதுர ஓட்டை தேய்ந்து பெரிதாகிவிடும். பிறகு கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். சிறுவர் சைக்கிள்கள் பலவற்றில் இரண்டு கிராங்கும் அச்சும் வளைத்த ஒரே கம்பி. அதில் ஆட்டம் வந்தால் பெடலிலோ பேரிங்கிலோதான் பார்க்க வேண்டும்.

தெரியுமா?

ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1892-ல் சைக்கிள் கடை தொடங்கியவர்கள். 17.12.1903 அன்று பறந்த அவர்களுடைய விமானத்தில், என்ஜின் பலத்தை விசிறிகளுக்குக் கொண்டுபோனவை செயினும் பல் சக்கரமும்தான்!

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, மூன்று சோதனைகளையும் உங்கள் சைக்கிளில் செய்யுங்கள். தங்கை சைக்கிளையும் மறக்காதீர்கள். ஆட்டம் தெரிந்தால், அது சரியாகும் வரை பள்ளிக்கு நடந்தே போங்கள்!