மிதிவண்டியைப் பேணுவோம்

மிதிவண்டி ஏறக் கற்ற நம்மவருள் பலர் அதனைப் பேணக் கற்றதில்லை. திருவனந்தபுரமோ மேடும் பள்ளமுமான ஊர். இரு பருவமழையும் பெய்யும். கடற்காற்றில் உப்பும் உண்டு. பிரேக்குக் கட்டை தேய்ந்த வண்டியில் இறக்கத்தில் வரும் பிள்ளையின் கதி என்ன?

1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டியும் பாடமாயிற்று. பல்லாயிரம் கிராமப் பெண்கள் பிறர் கையை எதிர்பாராது வெளியே செல்லலாயினர். வண்டி பழுதுற்று நின்றால் அவ்விடுதலையும் நின்றுவிடுமன்றோ? ஆதலின் நம் பெண்மக்களும் இவற்றைப் பழகுதல் நன்று.

வாரந்தோறும் காற்றையும் திருகுமரைகளையும் சோதிக்க வேண்டும். பிரேக்குக் கட்டை விளிம்பிலேயே படியவேண்டும், டயரில் உரசலாகாது. மழையில் நனைந்த வண்டியைத் துடைத்து, சங்கிலிக்கு மெஷின் எண்ணெய் சிறிதளவு இடுக. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும். சக்கர விளிம்பில் எண்ணெய் பட்டால் பிரேக்கு பிடிக்காது.

பஞ்சரானால், டியூபில் காற்றடித்து நீரில் அமிழ்த்துக. குமிழி எழுமிடமே ஓட்டை. அவ்விடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் சொல்யூஷன் தடவுக. சில நிமிடம் பொறுத்து, ஈரப்பசை வற்றியபின் ஒட்டுத்துண்டை அழுத்துக. டயரின் உட்புறத்தில் தைத்த முள்ளை நீக்க மறவற்க. மறந்தால் செய்த வேலை வீணே.

சக்கரக் கோட்டம் எடுப்பதைத் தேர்ந்தவரிடம் விடுக. மற்றவை நம் கைக்கு எட்டியவையே.